சத்தம் போட்டவள்

அத்தியாயம் 19

ஆட்டோ வருவதற்குள் கவிப்பிரியா வாசலை இரண்டு முறை கூட்டிவிட்டாள். கூட்டிய இடத்தில் குப்பை எதுவும் இல்லை. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகள் ஓய்ந்து கிடக்கிற ஒரே நாள். வாரத்தில் ஆறு நாள் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் முன்னால் நின்று, ஓட்டை விழுந்ததையும் தையல் விட்டதையும் பொறுக்கித் தள்ளுகிறவள் அவள். இன்று அந்த டேபிளில் தன்னையே விரித்துப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று தோன்றியது.

மகள் வருகிறாள். ஒரு வருஷம் ஒன்பது மாதத்துக்குப் பிறகு, இனி இங்கேயே இருப்பதற்காக வருகிறாள்.

தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அந்த அவிநாசிபாளையம் மதியம் நினைவிருக்கும். அன்று மாதவன் போனை எடுக்கவில்லை. அவன் கட்டிங் மாஸ்டர். கம்பெனியில் அவசர ஆர்டர். கவிப்பிரியா முப்பத்தெட்டு முறை அடித்தாள். வேலையாக இருப்பான் என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிற இடத்தில் அவளுக்கு ‘விட்டுட்டான்’ என்பது மட்டுமே இருந்தது. ஐந்து வயது அபிராமியைக் கூட்டிக்கொண்டு தாராபுரம் பஸ்ஸில் ஏறினாள். அவிநாசிபாளையத்தில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் குழந்தையை உட்கார வைத்தாள். “இங்கயே இரு கண்ணு, வந்தர்றேன்” என்று சொல்லிவிட்டு, எதிரில் வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டாள். ஒன்றை இழந்தால் எப்படி இருக்கும் என்று மாதவனுக்குத் தெரிய வேண்டும். அந்த நேரத்தில் அது அவளுக்கு நியாயமாகவே பட்டது.

குழந்தை இரண்டு மணி நேரம் பெஞ்சை விட்டு இறங்கவில்லை. டீக்கடைக்காரர்தான் ஸ்கூல் பையில் இருந்த டைரியைப் பார்த்து மாதவனுக்குப் போன் செய்தார். அவன் மகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, கவிப்பிரியா தன்னைக் காயப்படுத்திக்கொண்டு குளியலறைத் தரையில் கிடந்தாள்.

மூன்றாம் நாள் மாதவனின் அக்கா ராமுத்தாய் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து குழந்தையைக் கூட்டிப் போனாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்கிற தகுதி தனக்கில்லை என்று கவிப்பிரியாவுக்கே தெரிந்திருந்தது. அவள் பக்கம் பேசவும் ஆளில்லை. வேறு சாதிக்காரனைக் கட்டிக்கொண்டதற்காக, சேவூரில் இருக்கும் அப்பா நல்லான் ஒன்பது வருஷத்துக்கு முன்பே அவளைத் தலைமுழுகிவிட்டார்.

அதுவரை அவளுக்கு வைத்த பெயர்கள் பல. திமிர் என்றார்கள், பேய் பிடித்த காத்து சேட்டை என்றார்கள், புருஷனை ஆட்டி வைக்கிற நடிப்பு என்றார்கள். கோயம்புத்தூர் டாக்டரம்மாதான் சரியான பெயரைச் சொன்னார். பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸார்டர்.

“எந்த பார்டருங்க மேடம்?” என்று மாதவன் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.

“இவங்களுக்கு உணர்ச்சி மத்தவங்களைவிட வேகமா ஏறும். இறங்க நேரமாகும். விட்டுட்டுப் போயிடுவாங்களோங்கிற பயம் எந்நேரமும் உள்ளே இருக்கும். இதிலிருந்து மீண்டு வரலாம், நிறையப் பேர் வந்திருக்காங்க. ஆனா மாத்திரை கொஞ்சம்தான் உதவும். மீதியைப் பழகிப் பழகித்தான் கத்துக்கணும்” என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து வியாழன்தோறும் அரை ஷிப்ட் லீவு. கோயம்புத்தூருக்குப் பஸ். வினிதா என்ற கவுன்சிலரிடம் இரண்டு மணி நேரம். முதல் மூன்று மாதம் வினிதாவையே பிடிக்கவில்லை. பிறகு அவளைத் தவிர யாரையும் பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் வினிதாவும் ஒரு மனுஷி என்பது பிடிபட்டது. கடைசியாகத் தன்னைக் காயப்படுத்திக்கொண்டு பதினான்கு மாதம் ஆகிறது. நான்கு மாதத்துக்கு முன்பு டாக்டரே மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஆட்டோ வந்து நின்றது.

முதலில் இறங்கியவள் ராமுத்தாய். ஐம்பது வயது. கல்யாணமான மூன்றாம் வருஷமே புருஷனை இழந்தவள். பிள்ளை கிடையாது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்துத் தம்பி மாதவனை வளர்த்து ஆளாக்கியவள். அவளுக்குப் பின்னால் அபிராமி. உயரமாகியிருந்தாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தன.

“வா கண்ணு” என்றாள் கவிப்பிரியா. இரண்டு வாரமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த மற்ற வார்த்தைகள் எதுவும் வரவில்லை.

“அம்மா, பாத்ரூம் போகணும்” என்றாள் அபிராமி.

கவிப்பிரியாவின் கால் ஓரடி முன்னால் போய்விட்டது. குழந்தை நிமிர்ந்து பார்த்தது ராமுத்தாயை.

ராமுத்தாய்க்கே கூச்சமாகிவிட்டது. “அத்தைன்னுதான் சொல்லிக் குடுத்தேன். பள்ளிக்கூடத்துல மத்த பிள்ளைக அம்மான்னு கூப்பிடுறதப் பாத்துட்டு, இவளும்…”

“இருக்கட்டுங்க மதினி. பாத்ரூம் இந்தப் பக்கம் கண்ணு.”

“தெரியும்” என்றாள் அபிராமி. “நான் இங்கன இருந்திருக்கேன்.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அவர்களைக் கூட்டி வந்த மாதவன் ஆட்டோவிலிருந்து இறக்கியது ஒரே ஒரு பை. இரண்டு கவுன் கொள்ளும், மிஞ்சினால் மூன்று. பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள்தான் இருக்கிறது. கவிப்பிரியா பையைப் பார்த்தாள், மாதவனைப் பார்த்தாள். அவன் ஆட்டோக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான்.

கண்ணுக்குத் தெரிவது எது, நீங்களாக நினைத்துக்கொள்வது எது, முதலில் இரண்டையும் பிரியுங்கள் என்பது வினிதாவின் பாடம். பை சின்னது. அதுதான் தெரிவது. மற்றதெல்லாம் நினைப்பு. கவிப்பிரியா நினைப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் காபி போடப் போனாள்.

●

சமையலறையில் கத்தி இல்லை.

அரிவாள்மனையும் இல்லை. தட்டு ஸ்டாண்டுக்குப் பின்னால், அலமாரியில், சிங்க் அடியில் எல்லாம் தேடினாள். நூல் வெட்ட வைத்திருந்த சின்னக் கத்தரியைக்கூடக் காணவில்லை.

மாதவன் கோழிக்கறியோடு வந்தான்.

“ஏனுங்க, கத்தியப் பாத்தீங்களா?”

அவன் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தான். உள்ளே எல்லாம் இருந்தன.

“காலைல நீ குளிக்கப் போனப்ப எடுத்து வச்சேன். பிள்ள வருதுல்ல. ஒரு சேப்டிக்கு.”

“யாருக்குங்க சேப்டி?”

அவன் பையைத் தரையில் வைத்தான்.

“கம்பெனில தினமும் பத்து மணி நேரம் எங் கையில நூல் வெட்டற ட்ரிம்மர் இருக்குது. பதினாலு மாசமா. அப்பல்லாம் இந்தப் பயம் வரலீங்களா?”

“கவி, மெதுவா. அக்கா தூங்குறா.”

“மெதுவாத்தான் பேசறேன்.”

உண்மையில் அவள் மெதுவாகத்தான் பேசினாள். அவன் அப்படிச் சொன்னதும் தன் குரல் உயர்ந்துவிட்டதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. இந்தச் சந்தேகம்தான் இப்போது அவளோடு குடியிருப்பது. நோய் கிளம்பிப் போகப் போக, அந்த இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது.

“கொடு, வெங்காயத்த நான் நறுக்குறேன்” என்றான் மாதவன்.

அவள் கொடுத்துவிட்டாள்.

●

பதினோரு மணி இருக்கும். மாதவன் கேஸ் சிலிண்டர் மாற்ற ஆளைத் தேடிப் போயிருந்தான். இரவெல்லாம் பஸ்ஸில் வந்த அலுப்பில் ராமுத்தாய் அசந்து தூங்கினாள். கவிப்பிரியா கறியைக் கழுவிக்கொண்டிருந்தபோது அபிராமி சமையலறை நிலையில் வந்து சாய்ந்து நின்றாள்.

கவிப்பிரியா திரும்பவில்லை. திரும்பினால் ஓடிவிடுவாளோ என்றிருந்தது.

“வரும்போது அந்த டீக்கடையப் பாத்தேன்” என்றாள் குழந்தை.

கவிப்பிரியாவின் கை நின்றது.

“பஸ் அங்கன நின்னுச்சு. பூட்டியிருந்துச்சு. பெஞ்ச மேல கவுத்துப் போட்டிருந்தாங்க.”

“ம்.”

“அந்தத் தாத்தா எனக்கு பன் குடுத்தாரு. நான் திங்கல. நீங்க வந்ததும் திங்கலாம்னு வச்சிருந்தேன்.”

முன்பு இந்தக் குழந்தை அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிடும். வீட்டை ‘ஊடு’ என்றுதான் சொல்லும். இப்போது பேச்சு மாறிவிட்டது. பேச்சோடு கவிப்பிரியாவும் ‘நீங்க’ ஆகிவிட்டாள். ரேஷன் கடைக்காரரைக் கூப்பிடுவது போல.

கவிப்பிரியா கையைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கிட்டே போகவில்லை.

“அம்மா பண்ணுனது தப்பு கண்ணு. பெரிய தப்பு. உம்மேல எந்தத் தப்பும் இல்ல.”

“நான் சோறு திங்காம அழுதேன்ல, அதுக்குன்னு நெனச்சேன்.”

“இல்ல கண்ணு. நீ அழுததுக்கு இல்ல. அம்மாவுக்கு மனசுல ஒரு சீக்கு இருந்துச்சு. அதுக்கு வைத்தியம் பாக்கறேன். ஆனா சீக்கு இருந்துச்சுங்கறதுக்காக அது தப்பு இல்லைன்னு ஆயிராது.”

அபிராமி யோசித்தாள். பல் விழுந்த இடத்தை நாக்கால் தொட்டுக்கொண்டே யோசித்தாள்.

“திரும்பப் பண்ணுவீங்களா?”

“மாட்டேன்.”

“சரி” என்றாள். ஏழு வயதுக் குழந்தையின் சரி இல்லை அது. நாளைக்கு வரச் சொல்லி அனுப்புகிற அலுவலகத்தில் பெரியவர்கள் சொல்கிற சரி. பிறகு அவள் உள்ளே போய் ராமுத்தாயின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள்.

கவிப்பிரியா கறியைத் திரும்ப ஒருமுறை கழுவினாள்.

●

மூன்று மணிக்கு அபிராமி வெளியே விளையாடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் நூல் தீர்ந்த காகிதக் கோன்களை மூட்டையாக வாசலில் போட்டிருந்தார்கள். அந்தத் தெரு கொஞ்சம் சரிவு. மேலேயிருந்து கோனை உருட்டிவிட்டால் அது வளைந்து வளைந்து ஓடும். குழந்தை அதைத் துரத்திப் பிடித்து, மறுபடி மேலே கொண்டுபோய் உருட்டியது. ஒருமுறை சிரிக்கக்கூடச் செய்தது.

கவிப்பிரியா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாளில் அவளுக்குக் கிடைத்த நல்ல நேரம் அந்தப் பத்து நிமிஷம்.

துணி ரோல் ஏற்றிய டெம்போ ஒன்று யூனிட்டிலிருந்து பின்பக்கமாக வந்தது. டிரைவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கோன் அதன் சக்கரத்தை நோக்கி ஓடியது. அபிராமி கோனைப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

“அபி, நில்லு.”

தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தம். அப்படியொரு குரல் தனக்குள் மிச்சம் இருப்பது கவிப்பிரியாவுக்கே தெரியாது. அவள் பாய்ந்துபோய்க் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் குழந்தை கீழே விழுந்து முழங்கால் சிராய்ந்தது. டெம்போ அவர்கள் நின்ற இடத்தைக் கடந்துபோய் நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து ஏதோ முனகிவிட்டு, முன்பக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“வண்டி வர்றது தெரியலையா? கண்ணு எங்க இருக்குது உனக்கு?” கவிப்பிரியாவின் கை குழந்தையின் கையை விடவில்லை. அபிராமி வாய்விட்டு அழுதாள்.

ராமுத்தாய் வாசல் கேட்டிலிருந்து ஓடிவந்தாள்.

“பிள்ளைய விடு.”

“வண்டி வந்துச்சுங்க மதினி, பின்னால…”

“நான் ஒண்ணும் கேக்கல. மொதல்ல கைய விடு.”

கவிப்பிரியா விட்டாள். குழந்தையின் கையில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. ராமுத்தாய் அந்தக் கையைத் தூக்கித் தெருவுக்கே காட்டுவது போலப் பிடித்தாள்.

வீட்டுக்காரம்மா ரங்காத்தாள் சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நல்ல மனுஷிதான். கவிப்பிரியா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்தவள்.

“ஏங் கண்ணு, மறுபடியுமா?” என்றாள்.

அதே ரங்காத்தாள் தினமும் காலையில் பேரனைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்ப, இந்தத் தெரு அதிரக் கத்துகிறவள். அதற்கு யாரும் மறுபடியுமா என்று கேட்டதில்லை.

மாதவன் தூக்கத்திலிருந்து எழுந்து பனியனைக்கூடப் போடாமல் வெளியே வந்தான். குழந்தையைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கவிப்பிரியாவிடம் வந்து, பூனையைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு தணிந்த குரலில் கேட்டான்.

“கவி, இன்னைக்கு மாத்திரை போட்டியா?”

டாக்டரம்மா மாத்திரையை நிறுத்தச் சொன்ன அன்று, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் அவன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவன்.

கவிப்பிரியா உள்ளே போனாள்.

●

அது ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அடையாளம் தெரியும். முதலில் காது அடைக்கும். பிறகு எல்லாரும் ஒரே நிறமாகிவிடுவார்கள். எல்லாரும் கெட்டவர்கள், எல்லாரும் போய்விடுவார்கள், அவர்கள் போவதற்குள் நீ போய்விடு என்று ஒரு குரல். பழைய குரல்தான். அவளுடைய குரலேதான்.

குளியலறைக் கதவைச் சாத்தினாள். பிரிட்ஜிலிருந்து எடுத்து வந்த ஐஸ் கட்டிகளை அகலமான பாத்திரத்தில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்து முகத்தை உள்ளே வைத்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்று.

வினிதா சொல்லிக் கொடுத்தது. குளிர்ந்த தண்ணீர் முகத்தில் பட்டால் உடம்பு தானாக நிதானமாகும். மனசு சொன்னால் கேட்காத நேரத்தில் உடம்பு வழியாகப் போகவேண்டும். முப்பது எண்ணுங்கள், போதும்.

பதினொன்று. பன்னிரண்டு.

கதவு அதிர்ந்தது.

“கவி. ஏ கவி. கதவத் தொற.”

பதினேழு.

“தம்பி, சத்தமே இல்லடா. கதவ ஒடைடா.”

தாழ்ப்பாள் பிய்ந்து கதவு திறந்தது. மாதவனும் ராமுத்தாயும் மூச்சிரைக்க நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், ராமுத்தாயின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அபிராமி. கவிப்பிரியா முகத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து பார்த்தாள். அந்த மூன்று முகங்களிலும் ஒரே பயம்.

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள் கற்றுக்கொண்ட ஒன்று, அவர்கள் கண்ணுக்குச் சாவு மாதிரி தெரிந்தது.

“மூஞ்சி கழுவுனேன்” என்றாள். “ஐஸ் தண்ணில. அவ்வளவுதானுங்க.”

மாதவன் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்துவிட்டான். அவன் அழுகிறான் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

●

நாலரை மணிக்கு ராமுத்தாய் அந்தச் சின்னப் பையைக் கட்டி முடித்தாள். அபிராமி உள்ளே போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குப் போறதாத்தான் இருந்துச்சு. இன்னைக்கே கெளம்புதோம்.”

“போறதா இருந்துச்சுங்களா?” என்றாள் கவிப்பிரியா. “இங்கயே இருக்க அபி வந்துட்டாள்னு நெனச்சேன்.”

ராமுத்தாய் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“டி.சி. வாங்கல. அங்கனயே ரெண்டாம் கிளாஸுல பேரு குடுத்துட்டேன். தம்பிகிட்ட சொல்லி ரெண்டு வாரமாச்சு.”

ஆக, பை சின்னதாக இருந்ததைப் பற்றிக் காலையில் அவள் நினைத்தது சரிதான். தன் நினைப்பு நோயாக இருக்கும் என்று ஒதுக்கி வைத்தாள். அது நோய் இல்லை, புத்தி.

“அப்புறம் எதுக்குங்க நான் இங்க ஸ்கூல்ல போய்ப் பேசுனேன்? எதுக்கு யூனிபார்ம் துணி வாங்கித் தைக்கக் குடுத்தேன்? கூடத்தானே வந்தீங்க.”

“உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றான் மாதவன். “சொன்னா நீ ஏதாவது பண்ணிக்குவியோன்னு… ரெண்டு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல கவி.”

முன்பென்றால் இந்த இடத்தில் அவளுக்கு எல்லாம் சுலபமாக இருந்திருக்கும். அவனை முழுதாக வெறுத்திருப்பாள். கையில் கிடைத்ததை எறிந்திருப்பாள், ஊர் கூடியிருக்கும், இரவுக்குள் காலைப் பிடித்து அழுதிருப்பாள். இப்போது அது முடியவில்லை. பதினொரு நாள் ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவனும் இவன்தான். இரண்டு வாரம் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னவனும் இவன்தான். இரண்டும் ஒரே ஆள் என்று பார்க்கத் தெரிவதுதான் குணமாவது என்றால், குணமாவது இவ்வளவு கசக்கும் என்று வினிதாகூடச் சொல்லவில்லை.

“பயமா இருந்தா, பயமா இருக்குதுன்னு சொல்லுங்க. சொல்லாம மட்டும் இருக்காதீங்க” என்றாள் அவனிடம். பிறகு ராமுத்தாய் பக்கம் திரும்பினாள். “மதினி, வண்டி வந்துச்சுங்க. நான் பொய் சொல்லல.”

“வந்திருக்கும். வரலைன்னா சொன்னேன்? நீ இப்ப நல்லாத்தான் இருக்க. கண்ணால பாக்கேன். நாளைக்கும் இருப்பியான்னு யாரு சொல்லுவா? அந்தப் பிள்ள ராத்திரியில எந்திரிச்சு, நான் இருக்கேனான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கும். எத்தன மாசம் தெரியுமா? ஒரு வருசம். இப்பத்தான் தூங்குது.” ராமுத்தாய் குரல் உடைந்தது. “அவளும் போயிட்டா எனக்குன்னு வேற யாரு இருக்கா?”

சொல்ல வந்தது அது இல்லை. வாய் தவறி வந்துவிட்டது. ராமுத்தாய் சட்டென்று பையின் நாடாவை இழுத்துக் கட்டினாள்.

கவிப்பிரியா அந்தக் குரலை எங்கோ கேட்டிருந்தாள். எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. பத்து வருஷம் அவள் பேசிய குரல் அது.

“கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

மாதவன் நிமிர்ந்தான்.

“அவ தூக்கத்தக் கெடுத்தது நான். அதனால சொல்றேன், கூட்டிட்டுப் போங்க. ஆனா மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம நான் அங்க வருவேன். ஊட்டுக்குள்ள விட்டாலும் சரி, வெளிய நின்னு பாக்கச் சொன்னாலும் சரி. அப்புறம், நான் வேண்டாம்னு அனுப்பிட்டேன்னு அவகிட்ட யாரும் சொல்லக்கூடாது. அத மட்டும் சொல்லக்கூடாதுங்க மதினி.”

ராமுத்தாய் கட்டிய நாடாவை மறுபடி இழுத்துப் பார்த்தாள். “சொல்ல மாட்டேன்” என்றாள் கடைசியில்.

●

ஆறு மணி பஸ். ஜன்னலோரத்தில் அபிராமி உட்கார்ந்திருந்தாள், அவளை அடுத்து ராமுத்தாய். மாதவன் தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். கவிப்பிரியா கீழே நின்று, ஜன்னல் கம்பியில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

“முட்டி வலிக்குதா கண்ணு?”

“கொஞ்சம். எரியுது.”

“ஊருக்குப் போனதும் தேங்காண்ணெ தடவச் சொல்லு.”

அபிராமி முழங்காலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “நீங்க இழுக்கலைன்னா அந்த டெம்போ என்னைய இடிச்சிருக்கும்ல?”

“ஆமாங் கண்ணு.”

குழந்தை ராமுத்தாய் பக்கம் திரும்பியது. “நீயும் பாத்தேல்லம்மா. நீ வாசல் கேட்டுப் பக்கத்துலதான நின்ன.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். என்ஜின் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடிகள் படபடத்தன. ராமுத்தாய் முதலில் எதிர் சீட்டின் முதுகைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு குழந்தையின் தலைக்கு மேலாகக் கவிப்பிரியாவைப் பார்த்தாள்.

“பாத்தேன், பிள்ள” என்றாள். “நீ கத்துறதுக்கு முன்னாலயே வண்டியப் பாத்தேன். எனக்குத்தான் ஓடக் காலு வரல.”

பஸ் நகர்ந்தது. கவிப்பிரியாவின் கை கம்பியிலிருந்து தானாக விடுபட்டது. மாதவன் ஓடிவந்து, நகரும் பஸ்ஸின் ஜன்னலுக்குள் பாட்டிலைத் திணித்தான். அபிராமி கையசைத்தாள். யாருக்கு என்று தெரியவில்லை. இருவரும் கையசைத்தார்கள்.

பஸ் திருப்பத்தில் மறைந்தது. மாதவன் மூச்சு வாங்கிக்கொண்டு அவளிடம் வந்தான்.

“அக்கா என்னமோ சொன்னாளே. என்ன சொன்னா?”

இந்த ஒரு வாக்கியம் போதும். சொன்னால், தெருவில் கேட்ட மாத்திரைக் கேள்விக்காக அவன் ஆயுசுக்கும் தலைகுனிவான். சொன்னால், தன்னை வளர்த்த அக்காவின் முகத்தை இனி அவன் பழையபடி பார்க்க மாட்டான். மகளைத் திரும்பக் கேட்பதற்கு அவள் கையில் இருக்கும் ஒரே சாட்சியும் இதுதான். சொல்லாமல் விட்டால் இன்றைய கணக்கில் சத்தம் போட்டவள் அவள் மட்டும்தான்.

முன்பிருந்த கவிப்பிரியா இதற்குள் சொல்லி முடித்திருப்பாள். இப்போதிருப்பவளுக்கு, தான் பேசாமல் இருப்பது பெருந்தன்மையா பயமா என்பதுகூடத் தெரியவில்லை.

“என்ன கவி? என்ன சொன்னா?”

“வண்டிய எடுங்க” என்றாள்.

அவன் பைக்கைக் கிளப்பினான். அவள் ஏறி உட்கார்ந்தாள். எப்போதும் பிடிக்கிற அவன் தோளைப் பிடிக்காமல், பின்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள். கண்ணாடியில் அவன் அதைப் பார்த்தான். அவன் பார்த்ததை அவளும் பார்த்தாள். வண்டி அனுப்பர்பாளையம் போகும் ரோட்டில் திரும்பியது.